பழனி மலைக் காபி தன் பெயரோடு மதுரைக்கு வரட்டும்: காபி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் உள்ள இந்தியக் காபி வாரியத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

மதுரையில் காபிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்கும் சிறு கடைக்காரன் நான். மாசி வீதிகளைச் சுற்றியும் புறநகர்ப் பகுதிகளிலும் எங்களைப் போன்ற கடைகள் நிறைய இருக்கின்றன. ஒரு வறுவல் டிரம், ஒன்றிரண்டு அரைவை மிஷின், சிக்கரி டின், தராசு. பெரும்பாலும் குடும்பமே சேர்ந்து உழைக்கும் தொழில். பெரிய விளம்பரம் கிடையாது. வறுக்கும்போது தெருவில் பரவும் வாசனைதான் எங்கள் விளம்பரம்.

வாரியத்திடம் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டு அல்லது பட்டிவீரன்பட்டி பக்கத்தில், ஐம்பது கிலோ காபி கொண்டுவந்தாலும் அதைத் தனியாக வாங்கி, தோல் நீக்கி, தரம் பிரித்து, ஈரத்தையும் சுவையையும் சோதித்து, எந்த ஊர்த் தோட்டத்துக் காபி என்று சீட்டுப் போட்டுத் தரும் ஒரு பொது நிலையத்தை அமைத்துக் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதி மடல்.

மதுரையிலிருந்து கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் வத்தலக்குண்டு. அங்கிருந்து பழனி மலையில் ஏறினால் பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காபித் தோட்டங்கள் ஆரம்பித்துவிடும். இன்னொரு பக்கம் ஆடலூர், பாச்சலூர். திண்டுக்கல்லை ஒட்டிச் சிறுமலை. தேனிப் பக்கம் போனால் போடி மலையும் மேகமலையும். உங்கள் மண்டல ஆராய்ச்சி நிலையமே தாண்டிக்குடியில்தான் இருக்கிறது. பட்டிவீரன்பட்டியில் காபி பதப்படுத்தும் தொழில் பல தலைமுறைகளாக நடக்கிறது. இவ்வளவு பக்கத்தில் மலை இருந்தும், என் கடைக்கு வரும் மூட்டைகளில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. வாடிக்கையாளர்களும் "சிக்மகளூர் கொட்டையா, குடகா?" என்றுதான் கேட்கிறார்கள். "தாண்டிக்குடிக் கொட்டை இருக்கா?" என்று கேட்கிறவர் அபூர்வம். அவரும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காரராக இருப்பார்.

பழனி மலைக் காபி மதுரைக்கு வரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வருகிறது, பெயரில்லாமல் வருகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் கடைக்காரன் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது எப்படித் தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

மலையில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் காபி விளைவிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்து ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான். பழனி மலையும் அப்படித்தான். ஆரஞ்சும் மலைவாழையும் மிளகும் ஊடே நிற்க, நிழலில் வளரும் அராபிகா வகைக் காபி. பழமாகப் பறித்த ஐந்தாறு கிலோவுக்கு ஒரு கிலோ பச்சைக்கொட்டை, அதாவது வறுக்காத கொட்டை, கிடைத்தால் உண்டு. அதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரே செடிக்கு நான்கைந்து முறை ஆள் போக வேண்டும். அப்புறம் அன்றைக்கே பல்ப்பர் மிஷினில் தோல் உரித்து, ஊறவைத்து, கழுவி, பத்து சதவீத ஈரம் வரும்வரை களத்தில் காயவைக்க வேண்டும். நம் மலைகளில் அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கொள்வது பெரிய தொல்லை. பழம் பழுக்கும் மாதங்களில்தான் வானம் இருட்டிக்கொண்டு நிற்கும். காயவைத்ததை ஒரு நாளில் பத்து முறை மூடித் திறக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் அசந்தால் பூஞ்சை வாடை ஏறிவிடும். அந்த வாடை வறுத்தாலும் போகாது.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்த விவசாயியின் கையில் கடைசியில் ஐந்தாறு மூட்டை பார்ச்மென்ட், அதாவது உள்தோல் நீங்காத காய்ந்த கொட்டை, நிற்கும். அந்தத் தோலை நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் ஆலைகள் டன் கணக்கில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. ஐந்தாறு மூட்டைக்காக மிஷினைச் சுத்தம் செய்து தனியாக ஓட்டுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் விவசாயி வீட்டு வாசலிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார். வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து விலை சொல்கிறார். பச்சைக் காயும் பழமும் சேர்த்து உருவிக் காயவைத்த பக்கத்துத் தோட்டத்து மூட்டையும் இதுவும் ஒரே லாரியில் ஏறுகின்றன, ஒரே குவியலில் சேர்கின்றன. நல்லதாகக் காயவைத்தவருக்கும் ஏனோதானோ என்று காயவைத்தவருக்கும் கிடைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்புறம் அடுத்த வருடம் அவர் எதற்காக நான்கு முறை ஆள் விட்டுப் பறிக்கப் போகிறார்? கூலியும் ஏறிக்கொண்டே போகும்போது அவரும் ஒரே தடவையில் உருவத்தான் செய்வார்.

தரம் கெடுவது தோட்டத்தில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் கணிப்பில் அது கெடுவது அந்தக் குவியலில். நல்ல காபிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கும் கடைக்காரன் மதுரையில் இருக்கிறான். நல்ல காபி செய்யத் தெரிந்த விவசாயி தாண்டிக்குடியில் இருக்கிறார். இருவருக்கும் நடுவே அந்தக் குவியல் கிடக்கிறது.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. நாங்கள் 'பிளான்டேஷன் ஏ', 'பீபரி' என்று சொல்லி விற்கிறோம். 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஏ, அதைவிடச் சின்னது பி, உருண்டையாக இருப்பது பீபரி. இதெல்லாம் கொட்டையின் அளவையும் வடிவத்தையும் சொல்லுமே ஒழிய, அது எங்கே விளைந்தது, பழுத்துப் பறித்ததா, எப்படிக் காய்ந்தது என்று ஒன்றும் சொல்லாது. வாடிக்கையாளருக்குச் சொல்ல எங்கள் கையில் வேறு விவரம் எதுவும் கொடுக்கப்படவில்லை. கொடுத்தால் சொல்லுவோம். கால் கிலோ வாங்க வருகிறவர்கூட "இது எந்த மலை?" என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறேன்.

இப்போது விலை விஷயம். 2023-ல் நியூயார்க் சந்தையில் அராபிகா பெரும்பாலும் ஒரு பவுண்டுக்கு இரண்டு டாலருக்குக் கீழேதான் இருந்தது. 2024 டிசம்பரில் 1977-ன் உச்சத்தை முறியடித்து, 2025 பிப்ரவரியில் நான்கு டாலரையும் தாண்டியது. அதற்கு முன்பே, 2024-ல், லண்டன் சந்தையில் ரொபஸ்டா என்ற இன்னொரு வகைக் காபி டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டிவிட்டது. பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்தால் மதுரையில் என் கடைக் கல்லாவில் பணம் இல்லாமல் போகிறது. விவசாயிக்கு இத்தனை வருடம் கழித்து நல்ல விலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் எங்கள் கணக்கையும் பாருங்கள். பச்சைக்கொட்டையை வறுத்தால் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை குறையும். கிலோ 500 ரூபாய்க்கு வாங்கினால், வறுத்ததும் அது 600 ரூபாய். கேஸ், கரண்ட், கூலி, வாடகை எல்லாம் அதற்கு மேல். விலை இரண்டு மடங்கானால் அதே பத்து மூட்டையை வாங்க இரண்டு மடங்கு முதல் வேண்டும். வங்கியில் எங்களுக்கு இருக்கும் கடன் வரம்பு அப்படியே இருக்கிறது. கொட்டையைக் கையில் காசு வைத்து வாங்குகிறோம், ஹோட்டலுக்கும் டீக்கடைக்கும் சமையல் கான்ட்ராக்டருக்கும் கடனுக்குக் கொடுக்கிறோம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டால் அடுத்த மாதம் அந்த வாடிக்கை இருக்காது.

இந்த நெருக்கடியில் பலர் செய்யும் வேலை, சிக்கரியைக் கூட்டுவது. குஜராத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வரும் சிக்கரி காபியைவிட வெகு மலிவு, நிறமும் தூக்கலாக வரும். நான் சிக்கரிக்கு எதிரி இல்லை. எண்பது இருபதோ எழுபது முப்பதோ கேட்டு வாங்கிக் குடிப்பது நம் ஊர்ப் பழக்கம், அதில் ஒரு ருசி இருக்கிறது. ஆனால் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. சந்தையில் சில பொடிகள் விற்கும் விலையைப் பார்த்தால், அதில் 51 சதவீதம் காபி இருக்க வழியே இல்லை என்பது கொட்டை வாங்கும் எவனுக்கும் தெரியும். புளியங்கொட்டைத் தூளும் பேரீச்சங்கொட்டைத் தூளும் கலப்பது நம் நாட்டில் பழைய கதை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் பொடியைத் தூவினால் காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டு இறங்கும். இந்தச் சின்ன விஷயத்தைக்கூட நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாரியம் உணவுப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து மதுரை, திண்டுக்கல், தேனியில் இதை மக்கள் முன்னால் செய்து காட்டலாம். ஒழுங்காகத் தொழில் செய்பவனுக்கு அதைவிடப் பெரிய மானியம் இல்லை.

இன்ஸ்டன்ட் காபிக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைந்தது. வறுத்த காபிக்கு ஏற்கெனவே 5 சதவீதம்தான். குடிப்பவர்களுக்கு வரி குறைந்தது நல்லது. ஆனால் பெரிய கம்பெனியின் பாக்கெட்டுக்கும் எங்கள் ஃபில்டர் காபிப்பொடிக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடைவெளியும் அதோடு போய்விட்டது. விலையில் அவர்களோடு போட்டி போட எங்களால் ஆகாது. ருசியிலும், அவ்வப்போது புதிதாக வறுத்து அரைத்துத் தருவதிலும்தான் நிற்க முடியும்.

அங்கேதான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. மதுரைக்காரர்கள் காபிப்பொடியை மாதக் கணக்கில் வாங்கி அடுக்குவதில்லை. நூறு கிராம், இருநூறு கிராம் என்று, கண் முன்னால் அரைத்துச் சூடாகக் கையில் வாங்கிப் போகிறார்கள். வறுத்த காபி நாள் ஆக ஆக வாசனை இழக்கும், அரைத்தது இன்னும் வேகமாக இழக்கும் என்பதை இன்று பெருநகரங்களில் புதுக் காபிக் கடைகள் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லி, கிலோவுக்கு எங்களைப் போல மூன்று மடங்கு விலை வாங்குகின்றன. நம் ஊர்த் தாத்தாக்களும் பாட்டிகளும் இதைக் காலம் காலமாகச் செய்துவருகிறார்கள். வாங்கும் பழக்கம் தயாராக இருக்கிறது. வறுக்கும் கை தயாராக இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் கூரியரில் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். தோல் உரித்தபின் மேலே ஒட்டும் பிசினைக் கழுவாமல், இனிப்பு தங்கும்படி காயவைத்த 'ஹனி' காபி இருக்கிறதா, தோல் உரிக்காமல் முழுப் பழமாகக் காயவைத்தது இருக்கிறதா என்று இருபத்தைந்து வயதுப் பையன்களும் பெண்களும் வந்து கேட்கிறார்கள். நான் அவர்களை வெறுங்கையோடு அனுப்புகிறேன். ஏனென்றால் தாண்டிக்குடியில் அப்படி ஒருவர் இருபது கிலோ செய்தாலும் அதைச் சுத்தமாகத் தோல் நீக்கி, சோதித்து, என் கடைவரை கொண்டுவர வழி இல்லை.

2019-ல் குடகு அராபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா, பாபாபூதன்கிரி அராபிகா ஆகிய ஐந்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் பழனி மலை இல்லை. அதே 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்தது. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. காபிச் செடியின் பக்கத்திலேயே நிற்கும் வாழைக்குப் பெயர் இருக்கிறது, காபிக்கு இல்லை. எங்கள் ஊர் மல்லிகைக்கு 2013-ல் குறியீடு கிடைத்தபோது பூக்கட்டும் பெண்கள்கூடப் பெருமையாகப் பேசினார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குறியீடு மட்டும் வாங்கி வைத்துப் பயன் இல்லை. ஒவ்வொரு மூட்டையும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று காட்ட முடிந்தால்தான் அந்தப் பெயரைப் பாக்கெட்டில் போட முடியும். அதற்கும் நான் கேட்கும் அந்த நிலையம் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதியும் இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. அது அமலுக்கு வரும் தேதி தள்ளிக்கொண்டே போனாலும், வந்துவிட்டால் ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடத்தையும் காட்டாமல் அங்கே காபி விற்க முடியாது. ஏற்றுமதிக்காக எப்படியும் தோட்டம் தோட்டமாகக் கணக்கு எடுக்கத்தான் போகிறீர்கள். அந்தக் கணக்கு மதுரைக்காரனுக்கும் பயன்படட்டுமே. இந்தியாவில் விளையும் காபியில் சுமார் எழுபது சதவீதம் வெளிநாட்டுக்குப் போகிறது. உள்ளூரில் குடிப்பவனும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து குடிக்க ஆசைப்படுகிறான்.

நிலையம் என்றதும் பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம். கொட்டையின் உள்தோலை நீக்கும் சிறிய ஹல்லர் ஒன்று, சல்லடைத் தொகுதி ஒன்று, ஈரப்பதமானி, நூறு இருநூறு கிராம் வறுத்துப் பார்க்கும் மாதிரி வறுவல் மிஷின், கப்பிங் என்று சொல்லும் சுவைச் சோதனைக்கு ஒரு மேசை, சோதிக்கத் தெரிந்த ஒருவர், மழைக்காலத்துக்கு ஒரு உலர்த்தி, மூட்டைகளை ஈரம் படாமல் வைக்க ஓர் அறை. கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வையுங்கள், கொடுக்கிறோம். இலவசமாகக் கேட்கவில்லை. தனித்தனியாக வரும் ஒவ்வொரு லாட்டுக்கும் ஊர், உயரம், ரகம், பறித்த மாதம், ஈரம், குறைக்கொட்டைகளின் அளவு, சுவை மதிப்பெண் எழுதிய சீட்டு ஒன்று. மாதம் ஒரு நாள் அங்கேயே விவசாயிகளும் எங்களைப் போன்ற கடைக்காரர்களும் உட்கார்ந்து, குடித்துப் பார்த்து, நேராக விலை பேசட்டும். மலையில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று பொறுப்பேற்றால் அதன் கையிலேயே நிர்வாகத்தைக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே இருக்கும் க்யூரிங் ஆலை ஒன்று தன் வளாகத்தில் ஓர் ஓரம் ஒதுக்கித் தர முன்வந்தாலும் நல்லதே. அவர்களுக்கு இது போட்டி ஆகாது. டன் கணக்கில் வருவது எப்போதும் அவர்களிடம்தான் போகும்.

அப்படியென்றால் பழைய காலம் திரும்ப வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். 1942-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தொண்ணூறுகளின் தொடக்கம்வரை விளைந்ததெல்லாம் வாரியத்தின் தொகுப்புக்குப் போய், வாரியமே ஏலம் விட்டது. பணம் தவணை தவணையாக வந்துசேரக் காத்திருந்த பெரியவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று எல்லாக் காபியும் ஒரே குளத்தில் கலந்தது. இன்று சந்தை திறந்திருக்கிறது, ஆனால் சின்னவனின் காபி இன்னமும் கலந்துதான் போகிறது. அதைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்யுங்கள். விற்பதையும் வாங்குவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இதோடு சேர்த்து இரண்டு சின்ன வேண்டுகோள்கள். பெங்களூரில் நீங்கள் நடத்தும் 'காபி சாஸ்திரா' பயிற்சியை வருடத்துக்கு ஒரு முறையாவது மதுரையில், தமிழில் நடத்துங்கள். எங்கள் கடைகளில் டிரம் முன்னால் நிற்பவர்கள் கொட்டையின் வெடிப்புச் சத்தத்தையும் நிறத்தையும் வைத்தே வறுவல் பதம் சொல்பவர்கள். அவர்களுக்குத் தெரியாதது சுவையைச் சோதித்து எழுதும் முறை மட்டும்தான். கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டுப் பெங்களூர் போக அவர்களால் ஆகாது. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்திலேயே வேளாண் தொழில்முனைவோருக்கான காப்பகம் இருக்கிறது. இடத்துக்குப் பஞ்சம் இல்லை.

இரண்டாவது, மானியம். சிறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த திட்டத்தில் மிஷின் வாங்க 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. எங்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் திட்ட அறிக்கை, கொட்டேஷன், கடை வாடகைப் பத்திரம் என்று அலைந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். தாண்டிக்குடி நிலையத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ காபிக்காரர்களுக்கென்று ஒருவரை உட்கார வைத்து விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லுங்கள். விறகிலும் கரியிலும் ஓடும் பழைய டிரம்மைப் புகை இல்லாத மிஷினாக மாற்ற வேண்டிய கட்டாயம் நெருக்கமான தெருக்களில் இருக்கும் எல்லாருக்கும் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தாரின் கோபமும் நியாயமானதுதான்.

பெரிய நிலையத்துக்குப் பணம் ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வரும் அறுவடையில் சோதனையாக ஒரு முறை செய்து பாருங்கள். தாண்டிக்குடியிலும் பாச்சலூரிலும் சிறுமலையிலும் விருப்பமுள்ள சிறு விவசாயிகளிடம் பழுத்த பழத்தை மட்டும் பறித்துத் தனியாகக் காயவைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் அதைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கட்டும். மதுரையில் நாங்கள் சில கடைக்காரர்கள் சேர்ந்து, அன்றைய சந்தை விலைக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்கிக்கொள்கிறோம். வறுத்து, பாக்கெட்டில் ஊர்ப் பெயர் போட்டு, சிக்கரி கலக்காமல் ஒரு டப்பாவும், வழக்கமான கலவையில் ஒரு டப்பாவும் கடையில் வைக்கிறோம். மூன்று மாதத்தில் எவ்வளவு விற்றது, எந்த விலைக்கு விற்றது என்ற கணக்கை அப்படியே உங்களிடம் கொடுக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

நம் மலைகளில் பறிப்பு தொடங்குவதற்கு முன், செப்டம்பருக்குள், இதைப் பேச ஒரு நாள் குறித்துச் சொன்னால் வத்தலக்குண்டுக்கு வர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மதுரையில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் சிறு வியாபாரி ஒருவர்